நூற்றொரு கதினா, பதினோரு எலி

அத்தியாயம் 4

மண்ணெண்ணெய் வாசனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆலுவிளை முக்கில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது மூக்கில் ஏறிய மண்ணெண்ணெய் எனக்குப் பிடிக்கவில்லை. அது விளக்கிலிருந்து வரவில்லை. ராஜதாஸ் என்கிற ஊர்ப் பெரியவரின் கையிலிருந்த டின்னிலிருந்து வந்தது. அவருக்குப் பின்னால் இருநூறு பேர், எல்லோரும் மூக்கில் துணி கட்டி நின்றார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு பழைய நெசவுக்கூடம். வெளியே பூட்டு, உள்ளே விஜயதாஸ்.

“ஸாரே, அப்பிடியே திரும்பிப் போயிரலாம்,” என்றேன்.

“எலே ஜெயா, பஸ்ஸில கண்டக்டரா இருந்தப்ப இதைவிடக் கூட்டம் பாத்தவனாக்குமே நீ.”

“அந்தக் கூட்டம் சில்லறைதான் கேட்டுது ஸாரே. டின்னு கொண்டு வரல்ல.”

ஞானசிகாமணி ஸார் சிரிக்கவில்லை. பதினைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், தன் கடையைத் தானே கொளுத்தியவன் யார் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்த மனிதர். இப்போது பாறசாலை ரயில்வே கேட் பக்கம், பேக்கரிக்கு மேலே ஒரு அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். நிலையத்தில் ஆள் இரண்டு. அவர் துப்பறிவார், நான் பேசுவேன். கக்கத்தில் இடுக்கியிருந்த குடையை அவர் கைக்கு மாற்றிப் பிடித்ததை நான் பார்த்தேன். ஸாரே பயந்தால் நான் என்ன ஆவது?

விஜயதாஸின் மனைவி விமலகுமாரி மூன்று மணிக்கு எங்கள் ஆபீஸுக்கு ஓடி வந்திருந்தாள். காலில் செருப்பில்லை. அழுகைக்கு நடுவே அவள் சொன்னது இது. அந்த நெசவுக்கூடத்தில் ஸ்ரீகுமாரி டாக்டர் எலி வளர்த்து ஆராய்ச்சி செய்கிறார். தீனி வைத்து, கூடு கழுவி, எலிகளைப் பார்த்துக்கொள்வது விஜயதாஸின் வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பதினோரு எலிகள் வெட்டி வெட்டி இழுத்துச் செத்தன. மரச்சீனிக் கிழங்கு நட்ட விளையில் புதைத்ததை நாய்கள் தோண்டி ரோட்டில் கொண்டுவந்து போட்டன. மறுநாளே, மழையில் நனைந்த அவர்கள் மகள் ஜெஸ்னாவுக்குக் காய்ச்சல். இது போதாதா? இரண்டு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்று நாலில், சூரத்தில் பிளேக் என்று ரேடியோவில் கேட்டு, ரயிலில் வந்த சொந்தக்காரனைக்கூட வீட்டுக்குள் விடாத ஊர் இது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு ஆள் கூடிவிட்டது. எலிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போன விஜயதாஸை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் இன்னொரு எலி செத்தால் கூடத்தைக் கொளுத்துவது என்று தீர்மானம். உள்ளே இருக்கிற ஆளை என்ன செய்வது என்று அவள் கேட்டிருக்கிறாள். ஆளாளுக்கு மூக்குத் துணியை இறுக்கிக் கட்டினார்களாம்.

போகும்போது தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னாள்.

“ஒரு காரியம் மறைக்கப்படாது ஸாரே. ஜெஸ்னாக்க அப்பா தினமும் காலத்த எழும்பி பகவதி கோயிலுக்குப் போறாரு. சர்ச்சு சபையில பேரு உள்ள மனுஷனாக்கும். எதுக்குப் போறீய-ன்னு கேட்டா சிரிக்காரு. போன மாசம் பிள்ளைக்க சிவப்பு கியூட்டெக்ஸ் குப்பியையும் எடுத்துட்டுப் போனாரு. ஏதும் மந்திரவாதமோ-ன்னு எனக்குப் பயமா, பேடியா இருக்கு.”

ஸார் குப்பியை நோட்டில் எழுதிக்கொண்டார். நகத்துக்குச் சாயம் போடுகிற மந்திரவாதியை நான் கேள்விப்பட்டதில்லை, அதனால் எழுதவில்லை.

முக்கில் பலாமரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி நின்றார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து ஆள் வரட்டும் என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டால் வானத்தைப் பார்த்தார்கள்.

“கிட்டப் போவாதீய!” ராஜதாஸ் கத்தினார். “தொட்டா ஒட்டும்!”

“விளக்கு வைக்கிற நேரம்னா எத்தனை மணி?” ஸார் கேட்டார்.

“ஆறரை. கோயில்ல தீபாராதனை மணி கேக்கும்போ. அதுவரை ஒரு கூட்டையும் மூடப்படாது, எங்க கண்ணுக்குத் தெரியணும். அதுக்குள்ள ஒரு எலி செத்தாலும் பொறுக்க முடியாது ஸாரே. எனக்கு மூணு பேரப்பிள்ளைய உண்டு.” இதைச் சொல்லும்போதே கூடத்தைப் பார்த்து ஒரு எட்டு பின்வாங்கினார். கோபக்காரன் என்றால் பேசி ஆற்றலாம். இந்த ஆள் பயந்துபோயிருந்தார், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மணி நாலு பத்து.

கூடத்தின் பின்பக்க ஜன்னலுக்குப் போனோம். கம்பி வலைக்குப் பின்னால் விஜயதாஸ் நின்றார். நாற்பது வயது, மெலிந்த உடம்பு, தோளில் ஒரு தடித்த மெத்தை விரிப்பு. எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவா பேசணும் ஸாரே. பிள்ளைய பேடிச்சுப் போவும்.”

பிள்ளைகள் என்று அவர் சொன்னது எலிகளை. ஒரு வால் அசைந்ததைப் பார்த்து நான் இரண்டடி பின்னால் போனேன்.

“எப்பிடிச் செத்துது?” ஸார் கிசுகிசுத்தார்.

“கோயில்ல போடுற கதினா வெடியாக்கும். பெரிய சத்தம் கேட்டா இதுகளுக்கு வலிப்பு வரும். அதுக்குத்தான் நான் தினமும் காலத்த கோயிலுக்குப் போய், வெடி போடுற தாணு அண்ணன்கிட்ட ‘இண்ணைக்கு எத்தனை வெடி வழிபாடு, எத்தனை மணிக்கு’-ன்னு கேட்டுட்டு வருவேன். அந்த நேரத்துக்குக் கூட்டை எல்லாம் மெத்தையால பொதிஞ்சு வைப்பேன். வெள்ளியாழ்ச்ச ரெண்டே ரெண்டு, அதும் சாயங்காலம்-ன்னு சொன்னாரு. நான் சோறு தின்ன வீட்டுக்குப் போன நேரம் பாத்து நூத்தியொண்ணு வெடிச்சுது. ஓடி வந்தேன். கைக்குக் கிடைச்ச மூணெண்ணத்த உடுத்திருந்த முண்டுக்குள்ள பொதிஞ்சேன். மத்தது போச்சு.” அவர் தோளிலிருந்த விரிப்பைத் தடவினார். “வெடியாக்கும் கொன்னது-ன்னு வெளிய சொன்னேன். ‘எங்க வீட்டு எலி ஒண்ணும் சாவல்லியே’-ன்னு ராஜதாஸ் அண்ணன் கேக்காரு.”

அது நியாயமான கேள்வி. என் வீட்டு எலி தீபாவளிக்குக்கூடச் சாகவில்லை.

“உமக்குப் பேடி இல்லியா?” என்று கேட்டேன்.

“உண்டு. உள்ள உள்ளதை இல்ல, வெளிய நிக்கியவங்களை.”

கோயில் வழிபாட்டில் பக்தி இருக்கலாம். ஆனால் ஒருவன் நேரம் பார்த்து, ஆள் இல்லாத மத்தியானத்தில், நூற்றொன்று வெடி நேர்ந்திருக்கிறான். யார் அவன்? இதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே நூல்.

டாக்டரின் வீடு எதிர்ப்பக்கம். ஸ்ரீகுமாரி டாக்டர் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, அங்கிருந்து கொண்டுவந்த எலிகளோடு சொந்த ஊரில் குடியேறியவர். அவருக்குப் பக்கத்தில் அவருடைய ஆராய்ச்சி உதவியாளர் தேவகுமார் நின்றான். முப்பது வயது, நெற்றியில் சந்தனம், கையில் தண்ணீர் தம்ளர். அதை அவன் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“சத்தம் கேட்டா எலி சாகுமா டாக்டர்?” ஸார் நேராகக் கேட்டார்.

“எல்லா எலியும் சாகாது. மூளையிலே செரொட்டோனின்னு ஒரு ரசாயனம் உண்டு. சேதி கொண்டு போற ஆளுன்னு வெச்சுக்கங்க. ‘தின்னது போதும், அடங்கு’ன்னு சொல்லிட்டுப் போகும். அந்தச் சேதியை வாங்க நரம்பிலே ஒரு வாசல் வேணும், அதை ஏற்பின்னு சொல்லுவோம். அந்த ஏற்பியைக் கட்டுறதுக்கு ஒரு மரபணு. எங்க எலிகள்லே பதினாலுக்கு அந்த ஒரு மரபணு மட்டும் இல்லை. மிச்சம் பத்தும் சாதாரண எலி. ரெண்டையும் பக்கத்திலே வெச்சுப் பார்த்தாத்தான் அந்த மரபணு என்ன வேலை செய்யுதுன்னு தெரியும்.”

“அதாவது தபால் வரும், வாங்க வீட்டில ஆளில்ல,” என்றேன்.

“கிட்டத்தட்ட அதுதான். வயசானா தின்னு தின்னு தடிக்கும். இப்போ குட்டி, பார்த்தா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே தெரியாது. கூட்டிலே தொங்குற கார்டுதான் அடையாளம். ஆனா பெரிய சத்தம் கேட்டா அந்தப் பதினாலுக்கும் வலிப்பு வரும். சிலது எழுந்திரிக்கும், சிலது எழுந்திரிக்காது.” அவர் கண்ணைத் துடைத்தார். “நாளைக்கு வெளியூர்லேயிருந்து பேராசிரியர் ஒருத்தர் இதைப் பார்க்க வர்றார். இப்போ அது கிடக்கட்டும். விஜயதாஸ் உயிரோட வந்தாப் போதும் எனக்கு.”

“சத்த விஷயம் யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு, விஜயதாஸுக்கு, இவனுக்கு. வெள்ளிக்கிழமை நான் திருவனந்தபுரத்திலே இருந்தேன்.”

“நான் நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தேன்,” தேவகுமார் அவசரமாகச் சொன்னான்.

சுவரில் ஒரு போட்டோ இருந்தது. தேவகுமார் புதுக்கரை வேட்டியில், கையில் பாயச உருளியோடு சிரிக்கிறான். பக்கத்தில் டாக்டரும் விஜயதாஸும்.

“ஓணமா?” என்று கேட்டேன்.

“முந்தின நாள். ஊரே கடைக்கு ஓடுற அன்னைக்கு இவனுக்குப் பிறந்தநாள். பாயசம் குடிக்க ஆள் கிடைக்காம எலிகளுக்கு முன்னாலே கொண்டு வெச்சான், பாவம்.” டாக்டர் சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டார்.

ஐந்தே கால் மணிக்குக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர், நடுவில் வெறும் மரச்சீனி விளை. சத்தத்தைத் தடுக்க ஒரு சுவர்கூடக் கிடையாது. கோயில் பின்புறம் தாணு கதினாக் குற்றி என்கிற குட்டையான இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டு, வெடிமருந்து இடித்துக்கொண்டிருந்தார். வலது கையில் மூன்று விரல்தான் இருந்தது.

“பீடி, தீப்பெட்டி இருந்தா அங்கேயே வெச்சிட்டு வாங்க,” என்றார்.

நான் பீடி குடிப்பதில்லை. இருந்தாலும் சட்டைப் பையை இரண்டு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

“வெள்ளிக்கிழமை நூத்தியொண்ணு யாரு நேர்ந்தது?” ஸார் கேட்டார்.

“ஆளைக் காணல்ல. நடையில ஒரு பெட்டி உண்டு. தூரத்திலிருந்து வாறவங்க கடலாசுல பேரும் நாளும் எழுதி, வழிபாடு என்ன-ன்னும் எழுதிக் காணிக்கையோட போட்டிருவாங்க. அண்ணைக்குப் பத்து மணிக்குத் திறந்தேன். விஜயதாஸ் எப்பவும்போல எட்டுக்கே வந்து கேட்டுட்டுப் போயாச்சு.” அவர் மடியிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். “எழுதினதும் விஜயதாஸ்தான். நேத்தும் இண்ணைக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல்-ன்னு இந்தப் பக்கம் வரல்ல, என்ன கூத்தோ.”

இடது கையால் எழுதியது மாதிரி கோணல் எழுத்து. முதல் காகிதம்: விஜயதாஸ், உத்ராடம், நூற்றொன்று, வெள்ளி மத்தியானம். இரண்டாவது காகிதத்தை நான்தான் வாசித்தேன். விஜயதாஸ், உத்ராடம், இருபத்தொன்று, ஞாயிறு தீபாராதனை.

“ஞாயிறு-ன்னா?” என்றேன், தெரிந்துகொண்டே.

“இண்ணைக்குத்தான். இதோ நட்டு வெச்சிருக்கேனே.”

ஆறரைக்கு இருபத்தொன்று வெடிக்கும். பதினாலில் மிச்சமுள்ள அந்த மூன்று எலியும் விழும். ராஜதாஸ் டின்னைக் கவிழ்ப்பார். விமலகுமாரி அங்கே நின்று பார்ப்பாள்.

“அண்ணே, நிறுத்துங்க. ஒரு மனுஷனுக்க உயிராக்கும்,” ஸார் கெஞ்சினார். ஸார் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

“நேர்ந்தது பகவதிக்கு. நான் நிறுத்தினா அந்தத் தோஷம் எனக்க தலையில. ஒருக்கா மழை-ன்னு மாத்தி வெச்சேன், மறுநாள் ரெண்டு விரலு போச்சு.” கையைக் காட்டினார். “நேர்ந்தவன் நேர்ல வந்து ‘வேண்டாம்’-ன்னு வாய் திறந்து சொல்லட்டும். நிறுத்துதேன்.”

“நேர்ந்தவன்னு எழுதியிருக்கிறவரை உள்ள போட்டுப் பூட்டியிருக்கு!” என்றேன் நான்.

“அப்பம் வெடிக்கும்,” என்றார் தாணு. மறுபடி மருந்து இடிக்கத் தொடங்கினார்.

அரசமரத்தடிக்கு வந்தோம். ஸார் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

“ஜெயா, நான் மிஷன் வீட்டில பொறந்தவன். எனக்கு இது பிடி கிடைக்கல்ல. பேருக்குப் பக்கத்தில இந்த நாளு எதுக்கு?”

“ஜென்ம நட்சத்திரம் ஸாரே. சாமிக்குப் பேரு எதுக்கு? ஊரில பத்து விஜயதாஸ் உண்டு. நாளை வெச்சுத்தான் ஆளைப் பிடிக்கும்.”

“கள்ளப் பேரு எழுதினவன் கள்ள நாளும் எழுதியிருப்பானே?”

“எழுதமாட்டான்!” எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “பேரைப் பொய் சொல்லலாம். நாளைப் பொய் சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் வராது. எனக்க மாமி ஒருக்கா தன்னுக்க நாளை விட்டுட்டு, வாய் தவறி மருமகளுக்க நாளைச் சொல்லி இடுப்பு நடுவலிக்குப் புஷ்பாஞ்சலி செய்தா. மருமகளுக்கு நடுவலி மாறிச்சு. மாமி இண்ணைக்கும் குனிய முடியாம மருமகளைப் பாத்துக் கடுப்படிச்சுக்கிட்டு இருக்கா.”

ஸார் என்னை உற்றுப் பார்த்தார். “அப்போ பேரு பொய், நாளு நிஜம்.”

“விஜயதாஸ் வீட்டில நட்சத்திரம் டிசம்பர் மாசம் மட்டும்தான் உண்டு ஸாரே, அதும் வாசல்ல தொங்குத காகித நட்சத்திரம்.”

“இந்த உத்ராடம் எப்போ வரும்?”

“மாசா மாசம் வரும். ஆனா ஓண மாசத்தில உள்ள உத்ராடத்தை எல்லாருக்கும் தெரியும். ஊரே கடைக்கு ஓடுத நாளாக்குமே. ஓணத்துக்கு முந்தின…”

பாயச உருளியோடு சிரிக்கும் முகம் கண் முன்னால் வந்தது. ஸார் அதற்குள் ஸ்கூட்டரை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார்.

தேவகுமார் டாக்டர் வீட்டில் இல்லை. பின்புறம் கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவனைத் தேடிப் பிடிப்பதற்குள் மணி ஆறு பத்து.

ஸார் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். “மக்கா, உனக்க நாளு என்ன?”

“உத்ராடம்,” என்றான். சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

“சண்டாளா!” எனக்கு ஆத்திரம் பொங்கியது. “சோறு போட்ட டாக்டருக்க எலியக் கொல்ல சாமியைக் கூட்டு சேத்தியா?”

“கொல்லல்ல அண்ணே!” அவன் என் காலைப் பிடித்தான். “கொல்ல இல்ல. பிரிக்க!”

“எதைப் பிரிக்க?” என்றார் ஸார்.

“போன மாசம் கூட்டுக் கார்டெல்லாம் எனக்க கையிலிருந்து தண்ணியில விழுந்து கலைஞ்சு போச்சு. எது மரபணு உள்ள எலி, எது இல்லாத எலி-ன்னு தெரியல்ல. வாலை அறுத்துச் சோதிக்கணும்னா திருவனந்தபுரத்துக்கு அனுப்பணும், டாக்டருக்குத் தெரிஞ்சிரும். ரெண்டு வருஷத்து வேலையாக்கும். என்னை அண்ணைக்கே இறக்கி விட்டிருவாங்க. பேராசிரியர் வாறதுக்குள்ள பிரிக்கணும். சத்தம் கேட்டா இல்லாதது விழும், உள்ளது நிக்கும். நான் மணி அடிச்சா விஜயதாஸ் அண்ணன் என்ன-ன்னு கேப்பாரு. கோயில் வெடியை யாரு கேப்பா?” அவன் மூச்சு வாங்கினான். “நெய்யாற்றின்கரைக்கு நான் போவல்ல. அண்ணன் சோறு தின்னப் போனதும் நோட்டோட கூட்டுக்குப் பக்கத்தில நின்னேன். விழுந்தா எழுந்திரிக்கும்-ன்னு நெனைச்சேன். முன்னால சின்னச் சத்தத்துக்கு விழுந்ததெல்லாம் எழுந்திரிச்சுது. இது நின்னபாடில்ல. அண்ணன் ஓடி வாற சத்தம் கேட்டதும் தீனிச் சாக்குக்குப் பின்னால ஒளிஞ்சேன்.”

“நூத்தியொண்ணு எதுக்குலே நேர்ந்த? மூணு போதாதா?” என்று கேட்டேன்.

“எல்லாரும் நூத்தியொண்ணுதானே நேருவாங்க…”

“சரி, இண்ணைக்கு இருபத்தொண்ணு?” இது ஸார்.

“ஒரு தடவை பாத்தது கணக்கில்ல, எதையும் ரெண்டாவது தடவை செய்து பாக்கணும்-ன்னு டாக்டர் சொல்லித் தந்திருக்காங்க. ரெண்டு கடலாசும் ஒரே நேரம் போட்டேன். அண்ணன் பேரு கோயில்ல தினம் பாக்கிற பேரு, சந்தேகம் வராது-ன்னு எழுதினேன்.”

“அதை நிறுத்த ஏன் போவல்ல?”

“போய்ச் சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிருமே ஸார். இண்ணைக்குக் காலத்திலிருந்து மூணு தடவை கோயில் வரைக்கும் போனேன். நடையில ஏற முடியல்ல. பேடிச்சுப் போனேன்.”

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். ஸார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேடிச்சதுக்கு உன்னைக் குத்தம் சொல்லல்ல மக்கா. எனக்கும் இப்போ உடம்பெல்லாம் ஆடுது. ஆனா உனக்க பேடிக்கு அவன் ஏன் வேகணும்?”

தேவகுமார் எழுந்தான். “கோயிலுக்குப் போவோம்,” என்றான்.

ஸார் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள நின்றார். நான் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் ஸ்கூட்டர் இருமியது. என்னைப் பெற்ற தாயே, பெட்ரோல்! வண்டியைச் சரித்துச் சரித்து உதைத்தேன். அதுவும் எங்களோடு சேர்ந்து நடுங்கி, கடைசியில் ஒருவழியாக உறுமியது. கோயில் பின்புறம் போய் விழுந்தபோது தாணு நீளக் கம்பின் நுனியில் தீயை வைத்துக்கொண்டு முதல் குற்றிக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே தீபாராதனைக்குக் கூட்டம் கைகூப்பி நின்றது.

“அண்ணே!” என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

தேவகுமார் குற்றிகளுக்கும் தாணுவுக்கும் நடுவில் போய் நின்றான்.

“வேண்டாம். நிறுத்துங்க. இது நான் நேர்ந்ததாக்கும்.”

“கடலாசுல விஜயதாஸ்-ன்னு உண்டு.”

“கள்ளமா எழுதினேன். எனக்க பேரு தேவகுமார்.”

“நாளு?”

நடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர்.

“உத்ராடம்,” என்றான் உரக்க.

தாணு அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், பிறகு கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தீக்கம்பைத் தண்ணீர் வாளிக்குள் விட்டார். அந்தச் சமயம் பார்த்து உள்ளே மணி அடித்தது.

திரும்பி வந்தபோது கூடத்தின் முன்னால் கூட்டம் முன்னைவிட நெருங்கியிருந்தது. தீபாராதனை மணி கேட்டுவிட்டது, எலி செத்ததா இல்லையா என்று பார்க்க எல்லோரும் ஜன்னலை மொய்த்தார்கள். விஜயதாஸ் ஒரு கூட்டை ஜன்னலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஐந்து எலிகள் உயிரோடு உலாத்தின. தேவகுமார் படியில் ஏறி நின்று எல்லாவற்றையும் சொன்னான். அழுதுகொண்டே சொன்னான், ஆனால் ஒன்றும் விடாமல் சொன்னான்.

“கதை!” ராஜதாஸ் குறுக்கிட்டார். “சத்தம் கேட்டு எலி சாவுமாம்! பிளேக்கை மறைக்கியதுக்கு டாக்டரம்மா சொல்லிக் குடுத்த கதை!” கையிலிருந்த டின்னை ஓங்கிக் கல்படியில் வைத்தார்.

டங்கென்று அடித்தது சத்தம்.

கூட்டில் ஓர் எலி துள்ளி விழுந்தது. கால்கள் வெட்டின. பக்கத்தில் இருந்த நான்கும் ஒரு நொடி விறைத்து நின்றுவிட்டு, மூலைக்கு ஓடிப் பதுங்கின. “ஐயோ, அடுத்தது!” என்று ஒரு பெண் அலறினாள். கூட்டம் பின்னால் சாய்ந்தது, யாரோ தீப்பெட்டியைத் தேடினார்கள்.

ஸார் குடையை உயர்த்தினார். கத்தவில்லை. கிசுகிசுத்தார். அதனாலேயே எல்லோரும் காதைக் கூர்மையாக்கினார்கள்.

“டின்னை வெச்சதும் விழுந்துது, பாத்தியளா? ஒரே கூடு, ஒரே தீனி, மத்த நாலும் நிக்குது. இப்போ நீங்க சத்தம் போட்டா அது செத்துப் போவும். பேசாம நின்னா பொழைக்கும். பிளேக்கு உங்க பேச்சைக் கேக்குமா? நின்னு பாருங்க.”

இருநூறு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். மூக்கில் கட்டிய துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. ஒருவருக்கு இருமல் வந்தது, பக்கத்தில் நின்றவர் அவர் வாயைப் பொத்தினார். ராஜதாஸ் குனிந்து, அந்த டின்னை இரண்டு கையாலும் தூக்கிப் புல்லின்மேல் சத்தமில்லாமல் வைத்தார். விமலகுமாரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எலி என்றாலே குலை நடுங்குகிற நான், ‘எழுந்திரு, எழுந்திரு’ என்று மனதுக்குள் ஓர் எலியிடம் கெஞ்சினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால்கள் வெட்டுவது நின்றது. எலி புரண்டது, தள்ளாடி நின்றது. மீசையைத் துடைத்துக்கொண்டது. பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தீனிக் கிண்ணத்துக்குப் போனது.

“தின்னுது,” என்று யாரோ மூச்சுவிடாமல் சொன்னார்கள்.

ராஜதாஸ் மூக்குத் துணியை அவிழ்த்தார். மடியிலிருந்து சாவியை எடுத்து, அவரே பூட்டைத் திறந்தார். விமலகுமாரி கணவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்து அடித்து அழுதாள், அதையும் சத்தமில்லாமல் செய்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஸார் நினைக்கவில்லை.

“விஜயதாஸ், ஒண்ணு கேக்கணும். இருபத்திநாலு எலியில மூணைக் கைக்குக் கிடைச்சபடி பொதிஞ்சதா சொன்னீரு. உயிரோட பதிமூணு இருக்கு. பத்து சாதாரண எலி, அதுக்கு ஒண்ணும் ஆவாது. அப்போ நீரு பொதிஞ்ச மூணும் சாவ வேண்டியதாக்கும். அவ்வளவு சரியா உமக்க கைக்கு எப்பிடிக் கிடைச்சுது?”

விஜயதாஸ் தேவகுமாரைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பது போல இருந்தது. பிறகு கூட்டுக்குள் கையை விட்டு, தின்றுகொண்டிருந்த எலியை மெல்லத் தூக்கி வாலைத் திருப்பிக் காட்டினார். வாலின் அடியில் கடுகளவு சிவப்பு.

“ஜெஸ்னாவுக்க கியூட்டெக்ஸ்,” என்றாள் விமலகுமாரி.

“கார்டு தண்ணியில விழுந்ததை நான் அண்ணைக்கே கண்டேன்,” விஜயதாஸ் சொன்னார். “பொறந்தது முதல் தீனி வைக்கிய கையாக்கும், எனக்கு ஒவ்வொண்ணையும் தெரியும். நாளைக்கு மறந்து போவப்படாது-ன்னு பதினாலுக்கும் அடையாளம் வெச்சேன்.”

தேவகுமார் அந்தச் சிவப்பைத் தொட்டுப் பார்த்தான். “பின்ன ஏன் அண்ணே எங்கிட்ட சொல்லல்ல?”

“நான் கண்டுட்டேன்-ன்னு தெரிஞ்சா நீங்க பேடிச்சுப் போவீயளே. டாக்டருக்குத் தெரிஞ்சு உங்க வேலை போயிருமோ-ன்னு எனக்கும் பேடி. நீங்களே வந்து கேப்பீய-ன்னு தினமும் காத்திருந்தேன் ஸாரே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா…”

அவர் மரச்சீனி விளையைப் பார்த்தார். பதினோரு குழிகளும் நாய் தோண்டியபடி கிடந்தன. தேவகுமார் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தான். விஜயதாஸ் சட்டென்று அவன் பக்கத்தில் குனிந்து, தோளில் கிடந்த மெத்தை விரிப்பை எடுத்துக் கூட்டின்மேல் போர்த்தினார்.

“மெதுவா அழுங்க ஸாரே,” என்றார். “பிள்ளைய பேடிச்சுப் போவும்.”